மடக்கெழுத்தாணி: கத்தி மட்டும் எஞ்சிய கதை

(நீண்ட பதிவு. முடிவில் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு.)

எங்கள் வீட்டில் 'பாக்குக் கத்தி' என்று அழைக்கப்படும் பொருள் ஒன்று உண்டு. எருமைக் கொம்பாலான கைப்பிடி. அதற்குள் மடங்கி அடங்கும் சிறு கத்தி. மடக்கிய நிலையில் ஐந்தரை அங்குல நீளம். 1980களின் நடுவில் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலை தேடிப் பீன்யாவுக்கு வந்தபோது அப்பா தகரப் பெட்டியில் கொண்டுவந்த சில பொருள்களுள் இதுவும் ஒன்று. அவருடைய தாத்தா இதை எப்போதும் மடியில் செருகியிருப்பாராம். பாக்குச் சீவவும் மாங்காய் நறுக்கவும் கயிறு அறுக்கவும் இதுவே அவருக்குத் துணை. கைப்பிடியின் மறுமுனையில் துருவேறி இறுகிப்போன இன்னோர் இரும்புத் துண்டும் இருந்தது. அது என்னவென்று கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். பாட்டி 'முள்வாங்கி' என்பார். அத்தை 'குறும்பிவாங்கி' என்பார். அப்பா எதுவும் சொல்ல மாட்டார்.

சென்ற ஆண்டு என் ஆய்வுக்காகச் சுவடிகளின் எழுத்தமைதியைப் பார்த்துவரச் சுவடி நூலகம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்த காட்சிப் பேழையில் எங்கள் வீட்டுப் பாக்குக் கத்தி இருந்தது. அதன் இரு கைகளும் விரிந்திருந்தன. ஒரு கை கத்தி. மறு கை ஊசிமுனை கொண்ட ஆணி. அருகிலிருந்த அட்டையில் ஒரே சொல்: மடக்கெழுத்தாணி.

முள்வாங்கியும் இல்லை, குறும்பிவாங்கியும் இல்லை. எங்கள் குடும்பம் நூறாண்டுக் காலம் ஒரு பேனாவைக் கொண்டு பாக்கு வெட்டியிருக்கிறது.

மூவகை எழுத்தாணி

ஓலையில் எழுதும் கருவியைத் தமிழ் மரபு மூன்றாகப் பகுத்துப் பேசுகிறது. முதலாவது குண்டெழுத்தாணி. கொண்டை கனத்து, நீளம் குறைந்து, முனையின் கூர்மையும் சற்று மட்டாக இருக்கும். திண்ணைப் பள்ளியில் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு உரியது. இரண்டாவது வாரெழுத்தாணி. நீண்டு கூர்மையாக இருக்கும். கொண்டைக்கு மாற்றாகத் தலைப்பில் ஒரு சிறு கத்தி அமைந்திருக்கும். ஓலையின் ஓரங்களை வாருவதற்கு, அதாவது சீராக அரிந்து நேராக்குவதற்கு, அந்தக் கத்தி. மூன்றாவது மடக்கெழுத்தாணி. வாரெழுத்தாணியின் கத்தியையும் ஆணியையும் பிரித்து, ஒரு கைப்பிடியின் இரு முனைகளிலும் பொருத்தி, இரண்டையும் கைப்பிடிக்குள் மடக்கிக்கொள்ளும்படி செய்தது. கைப்பிடி மரத்தாலோ கொம்பாலோ தந்தத்தாலோ அமையும்.

பயன்பாட்டை எண்ணிப் பார்த்தால் இந்த மூன்றும் எழுதுபவரின் வாழ்க்கைப் படிநிலைகளாகவும் தோன்றும். குண்டெழுத்தாணி கற்பவருக்கு. வாரெழுத்தாணி உட்கார்ந்து ஏடு எழுதுபவருக்கு. மடக்கெழுத்தாணி ஊர் ஊராக நடப்பவருக்கு: கணக்கர், வணிகர், புலவர், சோதிடர், வைத்தியர். கூர்முனையை மறைத்து மடியில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியவர்களுக்கு மடங்கும் கருவிதான் தோதானது. இன்றைய வழக்கில் சொன்னால், நாள்தோறும் உடன் எடுத்துச் செல்லும் சட்டைப்பைக் கத்தி. தமிழ்நாட்டின் பழைய மடக்குக் கத்திகளைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் அரிவாளிலிருந்தோ பிச்சுவாவிலிருந்தோ தொடங்குவது வழக்கம். நான் எழுத்தாணியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

எழுதுவதற்குக் கத்தி எதற்கு?

காகிதத்தில் எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி இயல்பாக எழும். ஓலை கடையில் ஒரே அளவாக விற்கும் தாள் அன்று. பனையோலையோ தாளிப்பனையோலையோ மரத்திலிருந்து வந்தபின் நடுவிலுள்ள ஈர்க்கை நீக்க வேண்டும். ஓரிரு அங்குல அகலத்துக்கு இரு ஓரங்களையும் வார வேண்டும். வேண்டிய நீளத்துக்கு நறுக்க வேண்டும். பின்னர் பதப்படுத்தி, உலர்த்தி, மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டும். கயிறு கோக்கத் துளையிட வேண்டும். இவற்றுள் பாதி வேலை கத்தியின் வேலை. எழுதுபவரிடம் கத்தி இல்லையென்றால் அவரிடம் தாளே இல்லை என்று பொருள்.

எழுதும் முறையும் வேறு. நாம் தாளை அசையாமல் வைத்துப் பேனாவை நகர்த்துகிறோம். ஓலை எழுதுபவர் இடக்கையில் ஏட்டைப் பிடித்து, அந்தக் கையின் பெருவிரல் நுனியை எழுத்தாணிக்குத் தாங்கலாகக் கொடுத்து, ஏட்டை நகர்த்திக்கொண்டே கீறிச் செல்வார். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. விளக்குக் கரியையும் ஊமத்தை போன்றவற்றின் இலைச்சாற்றையும் கூட்டித் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து எழும்பி நிற்கும்.

கீறும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில் ஓர் இடையூறு உண்டு. கூர்முனையை ஓரிடத்தில் அழுத்தினால் ஏடு துளைபட்டுவிடும். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளியை இலக்கணமாகச் சொல்லியிருந்தும், சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி காணப்படாமைக்கு இதையும் ஒரு காரணமாகக் கூறுவர். சுவடியைப் பதிப்பிப்பவர் 'கல' என்ற வரிவடிவத்தைக் கண்டால் அது 'கல'வா, 'கல்'லா, 'கால்' என்பதன் பிழையா என்று இடம் நோக்கி முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு கருவியின் முனை, மொழியின் இலக்கண விதியையே எழுத்தில் மறைத்துவிட்டது.

இந்த உலகம் அவ்வளவு தொலைவில் இல்லை. 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தபோது, ஆசிரியர் பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். அந்த உலகத்தை அவர் ஆனந்த விகடனில் 1940 முதல் 'என் சரித்திரம்' என்ற தொடராக எழுதினார். எழுத்தாணி பிடித்துக் கற்ற ஒருவர் வாரப் பத்திரிகையில் தொடர் எழுதுகிறார்! ஒரே மனிதரின் ஆயுளுக்குள் ஓலையும் அச்சும் அடங்கிவிட்டன.

மடியும் மடக்கும்

மொழியியல் மாணவி என்பதால் சொல்லை விட்டு நகர முடியவில்லை. பொறுத்தருள்க.

'மடி' என்றால் இடுப்பில் வேட்டியையோ சேலையையோ மடித்துச் செருகி உண்டாக்கும் பை; அமர்ந்திருக்கையில் தொடைமேல் அமையும் இடம்; வினையாக மடிதல், மடித்தல். 'மடக்கு' என்பதும் அந்த வேரின் கிளையே. சட்டையும் அதில் தைத்த பையும் பெருவழக்காவதற்கு முன் தமிழரின் பை என்பது துணியின் மடிப்புத்தான். 'ஜேபி' என்ற சொல்லே அரபு மூலத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக நமக்கு வந்தது. ஆக, மடக்கெழுத்தாணி மடியில் இருந்தது என்று சொல்லும்போது, மடித்த துணிக்குள் மடித்த கருவி என்று ஒரே வேரை இருமுறை சொல்கிறோம். துணியின் மடிப்பில் கூர்மையான எதையும் வைக்க முடியாது. துணி கிழியும், தொடையும் கிழியும். வைக்கும் இடமே கருவிக்கு வடிவம் கொடுத்திருக்கிறது.

பேனாக்கத்தி என்னும் ஒன்றுவிட்ட உறவு

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் எழுத்தர்கள் கத்தி வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதியது பறவை இறகால். இறகின் முனை எழுத எழுத மழுங்கும். அடிக்கடி சீவிக் கூராக்க வேண்டும். முனையை நடுவில் பிளக்க வேண்டும். அதற்கென்று வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. இறகைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து போர்த்துக்கீசிய 'பேனா' பிறந்தது. அதுவே சாவி, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றோடு கப்பலேறித் தமிழுக்கு வந்தது. ஆகவே தமிழில் 'பேனாக்கத்தி' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், தெரிந்தோ தெரியாமலோ, 'இறகு சீவும் கத்தி' என்றே சொல்கிறோம்.

1820கள் தொடங்கி பர்மிங்காம் ஆலைகளில் எஃகு முள் பெருமளவில் உற்பத்தியாயிற்று. இறகு ஒழிந்தது. சீவுவதற்கு இறகு இல்லாத பேனாக்கத்தியும் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் பென்சில் சீவவும் அது சட்டைப்பையில் நிலைத்தது. பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890இல் தோன்றிய ஒப்பினெல் கத்தியும், சுவிட்சர்லாந்தில் 1891 முதல் கார்ல் எல்சனர் படைவீரர்களுக்குச் செய்து கொடுத்த மடக்குக் கத்தியும் அந்தப் பொது மரபின் பிற்காலக் கிளைகள். ஜப்பானின் மிகி நகரத்துக் கொல்லர்கள் செய்த ஹிகோனோகாமி என்னும் மடக்குக் கத்தி, பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவும் கருவியாகப் பல தலைமுறை வாழ்ந்தது.

அப்படியானால் மடக்கெழுத்தாணி மட்டும் ஏன் மறைந்தது? அதிலும் நல்ல கத்தி ஒன்று இருந்ததே?

என் விடை இலக்கணத்தில் தொடங்குகிறது. 'பேனாக்கத்தி' என்ற கூட்டுச்சொல்லின் தலைச்சொல் 'கத்தி'. பேனா என்பது அதற்கு அடை. அடையின் பொருள் காலாவதியானாலும் தலை உயிரோடு இருக்கும். 'மடக்கெழுத்தாணி' என்ற வினைத்தொகையின் தலைச்சொல் 'எழுத்தாணி'. கத்தி என்ற சொல் அந்தப் பெயரில் இடம்பெறவே இல்லை. ஓலை போனபோது எழுத்தாணி என்ற தலை போயிற்று. அதோடு பெயரும் போயிற்று. கையில் எஞ்சிய கத்திக்குப் பெயரில்லை. ஆகவே ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிந்த வேலையைக் கொண்டு அதற்குப் புதுப் பெயர் வைத்தது. எங்கள் வீட்டில் பாக்குக் கத்தி.

சொல் அழிந்ததால் பொருள் அழிந்தது என்று நான் கூறவில்லை. காகிதமும் அச்சும் பள்ளிக்கூடமும் அதைச் செய்தன. ஆனால் பெயர் இழந்த பொருளை யாரும் தேடுவதில்லை, பாதுகாப்பதில்லை, கொல்லரிடம் 'இதுபோல் ஒன்று செய்து கொடுங்கள்' என்று கேட்பதும் இல்லை.

அண்டை வீட்டார்

பீன்யாவில் வாழ்வதில் ஒரு நன்மை: தமிழ்ச் சொல்லைத் தனியே பார்க்க முடியாது. தெருவே ஒப்பிலக்கணம் நடத்தும்.

'கத்தி' தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு அனைத்துக்கும் பொதுச் சொல். ஆயினும் பொருள் எல்லை ஒன்றன்று. கன்னடத்தில் 'கத்தி' வாளையும் குறிக்கும். காய்கறிக் கடையில் கேட்க வேண்டிய சொல் 'சாகு'. துருக்கிய மொழிகளிலிருந்து பாரசீகத்துக்கும் அங்கிருந்து உருது வழியாகத் தெற்கேயும் வந்ததாகக் கொள்ளப்படும் சொல் அது. உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் புகழ்பெற்ற மடக்குக் கத்தியின் பெயரிலும் இருப்பது அதே சொல்தான். குடகில் மணமகன் இடுப்புக் கச்சையின் முன்புறம் செருகிக்கொள்வது 'பீச்சே கத்தி'. முதுகுப்புறம் பித்தளைக் கொக்கியில் மாட்டுவது 'ஒடிகத்தி'. இன்றும் திருமணங்களில் காணலாம். சடங்கு ஒன்று தன்னைப் பற்றிக்கொண்டதால் பிழைத்த கத்தி அது.

எழுத்தாணிக்கு அண்டை மொழிகளில் வேறு வேறு பெயர்கள். தெலுங்கில் 'கண்டமு', கன்னடத்தில் 'கண்ட', சிங்களத்தில் 'பன்ஹிந்த', மலையாளத்தில் 'நாராயம்'. கேரளத்திலும் இலங்கையிலும் ஒரே உறையில் கத்தியையும் எழுத்தாணியையும் சேர்த்து வைத்திருந்த தொகுப்புகள் அருங்காட்சியகங்களில் உள்ளன. பாலித் தீவில் ஓலை எழுதும் கருவியான 'பெங்ருபக்' தட்டையான சிறு கத்தியாகவே இருக்கும். அங்கே எழுதுவதும் வெட்டுவதும் ஒரே அலகு. ஓலை எங்கெல்லாம் தாளாக இருந்ததோ அங்கெல்லாம் பேனாவும் கத்தியும் ஒன்றையொன்று ஒட்டியே வாழ்ந்திருக்கின்றன.

சொற்களில் எஞ்சியவை

பொருள் போனாலும் அதன் துருவல்கள் மொழியில் சிதறிக் கிடக்கின்றன. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நறுக்கு: எழுதுவதற்காக அரிந்த ஓலைத் துண்டு, அதனால் சிறு கடிதத்துக்கும் பெயர். கருத்தைச் சுருங்கச் சொல்வதை 'நறுக்கென்று' என்கிறோம். 'நறுக்குத் தெறித்தாற்போல்' என்றும் சொல்கிறோம்.

முறி: துண்டு என்று பொருள், ஓலைத் துண்டுக்கும், அதில் எழுதிய பத்திரத்துக்கும் ஆகி வந்தது. தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் இலங்கைச் செய்தித்தாளைப் பிரிக்கலாம். அங்கே அரசாங்கக் கடன் பத்திரத்துக்கு இன்றும் 'பிணைமுறி' என்றுதான் பெயர். கொழும்பின் பங்குச் சந்தைச் செய்தியில் ஓர் ஓலைத் துண்டு கிடக்கிறது.

நாராசம்: இரும்பு அம்பு, இரும்புச் சலாகை. சுவடிக் கட்டின் துளையில் செருகும் கம்பிக்கும் இதுவே பெயர். மலையாள 'நாராயம்' இதன் உடன்பிறப்பு. இன்று 'காதுக்கு நாராசமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்கிறோம். காய்ச்சிய கம்பி காதில் நுழைவது போல என்பது உவமை. சுவடியைக் காத்த கம்பி வசைச்சொல்லாக மட்டும் மிஞ்சியது.

ஓலை: கிறித்தவக் கோவில்களில் திருமண அறிவிப்பை வாசிப்பது இன்றும் 'ஓலை வாசித்தல்'. வாசிக்கப்படுவது கணினியில் அச்செடுத்த தாள்.

யார் எழுதினார்கள்?

இப்போது என்னை உறுத்திய கேள்விக்கு வருகிறேன். அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்: "நம்ம வம்சத்துல முதல்ல எழுத்துக் கூட்டினது நான்தாம்மா." எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் அப்பா கைநாட்டு. இந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் பட்டங்களின் பெருமையும் பாரமும் இந்த வாக்கியத்தின்மேல்தான் நிற்கின்றன. மடியில் எழுத்தாணியோடு ஒரு முப்பாட்டன் நடந்திருந்தால் அந்த வாக்கியம் என்னாவது?

வரலாறு இதற்கு எளிய விடை தருவதில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட விவரப்படி ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் படித்தனர். தமிழ் மாவட்டங்களில் மாணவருள் பெரும்பான்மையினர் பிராமணரல்லாதார். எழுத்தாணி ஒரு சாதியின் கையில் மட்டும் இருந்ததில்லை என்பதற்கு இது சான்று. அதே கணக்கில் பெண்பிள்ளைகள் மிக மிகச் சிலர் என்பதையும், மக்கள்தொகையில் பெரும்பகுதியினர் பள்ளிக்கு வெளியே இருந்தனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கணக்கர்களின் எழுத்தாற்றல் காலனிய அலுவலகத்தின் தாள்களுக்குள் எவ்வாறு இழுக்கப்பட்டது, அதில் யார் உள்ளே வந்தார், யார் வெளியே நின்றார் என்பதைப் பவானி ராமன் 2012இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார்.

ஒரு பொருள் ஒரு வீட்டில் இருப்பதால் அந்த வீட்டார் அதைக் கொண்டு எழுதினார்கள் என்று ஆகிவிடாது. முப்பாட்டன் சந்தையில் வாங்கியிருக்கலாம். கடனுக்கு ஈடாக வந்திருக்கலாம். கணக்குப்பிள்ளை வீட்டில் வேலை செய்தபோது பழையதென்று கொடுத்திருக்கலாம். அப்படியானால் எங்கள் குடும்பம் வாங்கியது கத்தியைத்தான். ஆணியை யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. இந்த இரண்டு கதைகளுள் எது என் கதை என்று துணிய எனக்குச் சான்று இல்லை. படித்த பரம்பரை என்ற கதையை ஒரு கொம்புப் பிடியிலிருந்து செதுக்கிக்கொள்ள ஆசை வந்தது உண்மை. ஆய்வாளர் என்ற பெயருக்கு முன் அந்த ஆசையை மடக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

பட்டறையில்

இறுகிய ஆணியை விடுவிப்பது பற்றி வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. 1970களின் இறுதியில் உருவாகி, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்த பீன்யாவில், அப்பா முப்பதாண்டுக்கு மேல் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்தவர். கத்தியைப் பார்த்ததும் அவர் கை துறுதுறுத்தது. "கிரைண்டிங் போட்டா கண்ணாடியாட்டம் ஆக்கிடலாம், ரிவெட்டை மாத்திடலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். துருவுக்கு அடியில் கொல்லர் வைத்த அடையாளம் ஏதேனும் இருக்கலாம், தேய்த்தால் போய்விடும், பழைய கீலும் சான்றுதான். அவருக்கு இது விளங்கவில்லை. "டூல்னா வேலை செய்யணும்மா. வேலை செய்யாத டூலைப் பெட்டியில வச்சு என்ன பண்றது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இறுதியில் ஓர் உடன்பாடு. கீலில் மட்டும் நாள்தோறும் ஒரு சொட்டு ஸ்பிண்டில் எண்ணெய். நெருப்புக் கூடாது, சுத்தியல் கூடாது, உப்புத்தாள் கூடாது. ஒன்பதாம் நாள் மாலை ஆணி ஒரு நூல் அளவு அசைந்தது. பன்னிரண்டாம் நாள் முழுதும் விரிந்தது. முனை இன்னும் கூராகவே இருந்தது.

அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் விளக்கம் தொடங்குவதற்குள் அவரே சொன்னார்: "இது ஸ்க்ரைபர்மா."

டூல் ரூம் தெரியாதவர்களுக்கு: இரும்புத் தகட்டில் வெட்டவேண்டிய அளவைக் குறிக்க முதலில் நீலச் சாயம் பூசுவார்கள். பின் ஸ்க்ரைபர் என்னும் கூரிய எஃகு ஆணியால் அதன்மேல் கோடு கீறுவார்கள். நீலத்தினூடே கோடு பளிச்சென்று தெரியும். ஓலையில் கீறிய பின் மை. இரும்பில் மைக்குப் பின் கீறல். வரிசை மட்டும் தலைகீழ், அறிவு ஒன்றே. நான் புள்ளிச் சிக்கலைச் சொன்னேன்: ஆணியால் புள்ளி வைத்தால் ஏடு ஓட்டையாகும் என்று. அவர் சிரித்துவிட்டார். "ஸ்க்ரைபர் கோட்டுக்குத்தான். புள்ளிக்கு சென்டர் பஞ்ச் இருக்குல்ல? யாராச்சும் ஸ்க்ரைபரால புள்ளி குத்துவாங்களா, முனை உடைஞ்சிடாதா?" சுவடியியல் ஏட்டின் பக்கம் நின்று பார்த்ததை, அவர் ஆணியின் பக்கம் நின்று பார்த்தார். என் ஆய்வேட்டில் அந்தப் பத்தியை மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

வம்சத்தில் முதலில் எழுதியது யார் என்ற கேள்வியும் அன்று சற்று உருமாறியது. முப்பதாண்டுக் காலம் இரும்பில் கோடு கீறி, எண் குறித்து, அளவு வாசித்த ஒருவரை 'எழுதியவர்' என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும்

பழைய கத்தி வைத்திருப்பது குற்றமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுடைய கத்திகளையே ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காக உருவானவை அதற்கு விலக்கு. மூன்றங்குல எழுத்தாணிக் கத்தி அந்த எல்லைக்கு வெகு கீழே. ஆயினும் விமானத்தில் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது; பொது இடங்களின் நுழைவுச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அச்சமுற்ற சமூகம் சிறு கத்தியையும் விடாது. ஜப்பானில் 1960இல் அரசியல் தலைவர் அசனுமா மேடையில் கொல்லப்பட்டபின், பள்ளிப் பிள்ளைகளின் கையிலிருந்து பென்சில் சீவும் கத்தியையும் விலக்கும் இயக்கம் எழுந்தது. இன்று பீன்யாவின் ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருப்பது, ஜப்பானில் 1956இல் யோஷியோ ஒகாடா உருவாக்கிய முனை ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர்தான். அதற்கு மடியும் தேவையில்லை, சாணையும் தேவையில்லை, பேரனும் தேவையில்லை. மழுங்கினால் ஒடித்து எறியலாம்.

சேகரிப்பவர்களுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகலாம். அவற்றை நாட்டுக்கு வெளியே தனியார் அனுப்ப முடியாது. இணைய ஏலங்களில் 'இந்திய மடக்குக் கத்தி' என்ற பெயரில் நான் கண்ட சிலவற்றின் மறுமுனையில் எழுத்தாணி தெளிவாகத் தெரிந்தது. விற்பவருக்கும் தெரியவில்லை, வாங்குபவருக்கும் தெரியவில்லை.

வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டுப் பரணில், பாட்டியின் சுருக்குப் பையில், வெற்றிலைப் பெட்டியின் அடியில் இருபுறமும் மடங்கும் இரும்புக் கருவி ஏதேனும் இருந்தால் இரண்டு கைகளும் தெரியப் படமெடுத்து அனுப்புங்கள். திறக்கவில்லை என்றால் நெம்ப வேண்டாம். உப்புத்தாள், எலுமிச்சை, புளி எதுவும் போட வேண்டாம். கீலில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும், பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். முள்வாங்கி என்றாலும் சரி, பாக்குக் கத்தி என்றாலும் சரி. தவறான பெயர் என்று ஒதுக்காதீர்கள். எந்த ஊரில் எழுத்து மறந்தது, எந்த ஊரில் கத்தி மட்டும் நின்றது என்பதை அந்தப் பெயர்களே காட்டும்.

எங்கள் வீட்டுக் கருவி இப்போது அப்பாவின் அலமாரியில், அவருடைய ஸ்க்ரைபரும் சென்டர் பஞ்சும் இருக்கும் தட்டில் இருக்கிறது. அது தொல்பொருள் தட்டில் இருக்க வேண்டும் என்று நான் ஒருமுறை சொன்னேன். "இதுவும் டூல்தானம்மா" என்றார். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.